ஆளுக்கொரு பக்கம்

எங்கள் வீட்டில் மொத்தம் ஒரே ஒரு டிரைவர்தான். அந்த ஒரு டிரைவரை நானும் என் வீட்டுக்காரரும் ஆளுக்குப் பாதியாகப் பங்கு போட்டுக்கொண்டிருந்தோம். இடது பக்கம் என்னுடையது, வலது பக்கம் அவருடையது. ஸ்டியரிங், பிரேக், ஹாரன், கோபம் எல்லாம் அவரிடம். கண்ணில் பாதி மட்டும் என்னிடம்.

கேட்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். எனக்குச் சிரிப்பு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

அவர் பேக்கரி வேன் ஓட்டுகிறவர். விடிவதற்கு முன்னால் பேக்கரியின் பின்வாசலில் ட்ரேக்களை ஏற்றிக்கொண்டு, ஆஸ்பத்திரி கேண்டீன், ஹாஸ்டல், மளிகைக் கடைகள் என்று வரிசையாக இறக்கிவிட்டு, கடைசியாகப் பள்ளிக்கூடத்தில் பன் ட்ரேயை வைத்துவிட்டு வீட்டுக்கு வருவார். பள்ளிக்கூடப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் பன் மாமா. வேன் திரும்புவதைப் பார்த்தாலே நாலாபக்கமிருந்தும் ஓடி வருவார்கள். அவர்கள் ஓடி வருவதுதான் எனக்குப் பயம்.

கண் டாக்டர் சொன்னதை நானும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டவள்தான். கண்ணுக்குப் பின்னால் இருக்கிற நரம்பு காய்ந்துகொண்டே வருகிறதாம். ஓரத்தில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வருமாம். இடது ஓரம் ஏற்கெனவே போய்விட்டது, போனது இனி வராது, இருப்பதைக் காப்பாற்றத் தினமும் சொட்டு மருந்து விட வேண்டும், இனிமேல் வண்டி ஓட்டக் கூடாது என்றார். இதில் சொட்டு மருந்து மட்டும்தான் என் வீட்டுக்காரர் காதில் விழுந்தது.

வெளியே வந்ததும், நேராகப் பார்த்தால் எறும்பு ஊர்வதுகூடத் தெரிகிறது, ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு யாருக்கு வேண்டுமானாலும் எதையும் சொல்லிவிடலாம் என்றார். அன்றைக்கும் அவர்தான் வேனை ஓட்டிக்கொண்டு வந்தார். நான் பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தேன்.

மறுநாளிலிருந்து நானும் வேனில் ஏறினேன். ட்ரே இறக்க ஒத்தாசைக்கு என்று வெளியே சொல்லிக்கொண்டோம். பேக்கரிக்கார அண்ணனுக்கு ரொம்பச் சந்தோஷம். தங்கச்சி கூடப் போவதால் ரொட்டி சூடு ஆறுவதற்குள் போய்ச் சேருகிறது என்று எல்லோரிடமும் சொன்னார். என் வேலை ட்ரே இல்லை. இடது பக்கத்தில் என்ன இருக்கிறது என்று வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டே வருவதுதான் என் வேலை. சைக்கிள் வருது, போயிடுச்சு. நாய் படுத்திருக்கு. ரெண்டு பிள்ளைங்க நிக்கிறாங்க, இன்னும் இறங்கல, இறங்கல, இப்ப போங்க. ரேடியோவில் ஆட்டத்தை வர்ணிக்கிறவர்கூட நடுவில் ஒரு வாய் தண்ணீர் குடிப்பார். எனக்கு அதற்கும் வழியில்லை.

ஏறமாட்டேன் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். நான் ஏறாவிட்டால் அவர் தனியாகப் போவார். ஒரு தடவை எனக்குக் காய்ச்சல் அடித்தபோது அப்படித்தான் போனார். போர்வைக்குள் கிடந்து ஒவ்வொரு ஹாரன் சத்தத்துக்கும் செத்துப் பிழைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே திரும்பி வந்து, பாத்தியா ஒண்ணும் ஆகல என்று நின்றபோது, பக்கத்தில் இருந்த தலையணையைத் தூக்கி எறிந்தேன். அது இடது பக்கமாகப் போனதால் அவருக்குத் தெரியவில்லை. தோளில் பட்ட பிறகுதான் திரும்பினார். 

அன்றைக்கு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். வேனை நான் ஓட்டுகிறேன், சொல்லிக்கொடுங்கள் என்றேன். முதலில் சிரித்தார். பிறகு முறைத்தார். இந்த வேலையை விட்டால் வேறு வேலை தெரியாது, வேனை வேறொருவன் கையில் கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் பைத்தியம் பிடித்துவிடும் என்று புலம்பினார். நான் விடவில்லை. சோற்றைப் போட்டுவிட்டுத் தட்டை எடுக்காமல் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். கடைசியில் இறங்கி வந்தார்.

"சரி, நீ லைசென்ஸ் வாங்கு. வாங்கின அன்னிக்கே சாவியை உன் கையில கொடுத்துடறேன். அதுவரைக்கும் இதைப் பத்திப் பேசக் கூடாது."

மாற்றுச் சாவியையும் சேர்த்தா என்று கேட்டேன். அது தொலைந்துபோய் எவ்வளவோ நாளாகிறது, இருப்பது இது ஒன்றுதான் என்றார்.

எல் போர்டு மாட்டிக்கொண்டு ரொட்டி போடலாமா என்று பேக்கரிக்கார அண்ணனிடம் ஜாடையாகக் கேட்டுப் பார்த்தேன். பழகுகிற வண்டியில் என் சரக்கு போகாது தங்கச்சி, வீட்டு வேலைக்கு வேண்டுமானால் எடுத்துக்கொண்டு பழகு என்று விட்டார். ஆகவே காலையில் அவர் ஓட்டுவார், நான் சொல்லுவேன். ரொட்டி போட்டு முடித்த பிறகு நான் ஓட்டுவேன், அவர் சொல்லித்தருவார்.

அவர் நல்ல வாத்தியார்தான். கிளட்சை எப்படி விடுவது, மேட்டில் நின்றால் எப்படிக் கிளம்புவது, குறுகலான சந்தில் எப்படிப் பின்னால் எடுப்பது எல்லாம் எனக்கு வந்துவிட்டது. ஆனால் பழைய பங்கீடு மட்டும் மாறவேயில்லை. நான் டிரைவர் சீட்டுக்கு வந்த பிறகும் என் கழுத்து இடது பக்கமே போனது. மாதக்கணக்காக அந்தப் பக்கம் மட்டுமே பார்த்துப் பழகிய கழுத்து. வலது பக்கத்தை அவர் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தபடி எனக்காகப் பார்த்தார். தெரு முக்கு வந்தால் நான் "இடது பக்கம் காலி" என்பேன். அவர் "வலது பக்கம் காலி, போ" என்பார். நான் போவேன். இதில் ஏதோ தப்பு இருக்கிறது என்று எங்கள் ரெண்டு பேருக்குமே உறைக்கவில்லை. இப்படியும் ஒரு ஜோடி இருக்குமா என்று கேட்டால், இருந்தோம்.

முதல் டெஸ்டில் உறைத்தது. இன்ஸ்பெக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மெயின் ரோட்டு முக்கு வந்தது. இடது பக்கம் பார்த்தேன், காலி என்றேன், வலது பக்கத்துக் குரலுக்காகக் காத்திருந்தேன். குரல் வரவில்லை. அந்த அம்மா எதற்கு எனக்கு வலது பக்கம் பார்த்துச் சொல்லப் போகிறார்? பின்னால் ஒருவன் ஹாரனை அழுத்தினான். பதறிப்போய் விட்டேன் வண்டியை. இன்ஸ்பெக்டரம்மா ஹேண்ட்பிரேக்கை இழுத்த இழுப்பில் பேனா பறந்து என் மடியில் விழுந்தது. வலது பக்கத்திலிருந்து வந்த டாக்ஸிக்காரன் ஜன்னலை இறக்கி, வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லிவிட்டுப் போனான்.

அந்த அம்மா திட்டவில்லை. ரோட்டுக்கு வலது பக்கம் என்று ஒன்று இருப்பது தெரியுமா என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேனாவை வாங்கிக்கொண்டார். அடுத்த தேதிக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று. அத்தனை நாளும் அவர் ஓட்டினார், நான் சொன்னேன்.

வீட்டில் நான் கழுத்தைப் பழக்கினேன். அடுப்படி ஸ்டூலில் உட்கார்ந்து, சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு, வலது, இடது, மறுபடி வலது என்று திரும்பித் திரும்பிக் கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். வேனில் அப்படிப் பார்த்தால் அவருக்கு முகம் சுண்டிவிடும். நான்தான் வலது பக்கம் பார்த்துச் சொல்கிறேனே, என் மேல் நம்பிக்கை இல்லையா என்பார். அந்த நாட்களில் அவருக்கு மூக்கு நுனியில் கோபம் இருந்தது. சாப்பிடும்போது கை பட்டுத் தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தால்கூட, அதை ஏன் கை படுற இடத்துல வைக்கிறே என்று என் மேல் பாய்வார். நான் எப்போதும் வைக்கிற இடத்தில்தான் வைப்பேன், அவருடைய வலது கைப் பக்கத்தில். சண்டை எதற்கு என்று டம்ளரை நகர்த்தி வைத்தேன். வேனிலும் சண்டை எதற்கு என்று, அவர் பக்கத்தில் இருக்கும்போது வலது பக்கத்தை அவருக்கே விட்டுவிட்டேன்.

இரண்டாவது டெஸ்ட் நாளும் வந்தது. ரொட்டி போட்டு முடித்துவிட்டு நேராக டெஸ்ட் எடுக்கிற இடத்துக்குப் போனோம். ஓட்டியது அவர். டெஸ்ட் அன்றைக்கு உன் கைக்கு எதற்கு அலுப்பு, நான் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்லிவிட்டார். வழியெல்லாம் நான் இடது பக்கத்தைச் சொல்லிக்கொண்டே வந்தேன். வாய் அதைச் சொன்னாலும் மனசு வேறு எங்கோ இருந்தது. இன்றைக்கும் கோட்டை விட்டால் நாளைக் காலையும் இவர் ஓட்டுவார், அதற்கடுத்த காலையும் ஓட்டுவார், பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் ஓடி வருவார்கள். இதைத் தவிர எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை. லைசென்ஸ் எனக்கு வேண்டியதில்லை. அவர் கையிலிருந்து அந்தச் சாவி இறங்க வேண்டும்.

காத்திருக்கிற அறையில் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றோடொன்று கம்பியால் பிணைத்து வைத்திருந்தார்கள். ஒருவர் காலை ஆட்டினால் வரிசை முழுக்க ஆடியது. பக்கத்தில் இருந்த கல்லூரிப் பெண் ஆட்டுகிறாள் என்று முறைத்தேன். அவள் என் காலைப் பார்த்தாள். ஆட்டிக்கொண்டிருந்தது நான்தான். அவளுக்கு இது நாலாவது தடவையாம். போன தடவை வைப்பரைப் போடச் சொன்னபோது ஹாரனை அடித்துவிட்டாளாம். அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்கு உடனே வைப்பர் எங்கே இருக்கிறது என்பது மறந்துபோனது.

வந்தது அதே இன்ஸ்பெக்டரம்மா. அதே மெலிந்த முகம், அதே கண்ணாடி, அதே பேனாவாகக்கூட இருக்கலாம். என்னை அடையாளம் தெரிந்ததா என்று முகத்தில் தேடினேன். அந்த முகத்தில் ஒன்றையும் தேடிப் பிடிக்க முடியாது. வேன் கதவைத் திறந்து, என் சீட்டில் உட்கார்ந்தார். ஒரு வருஷமாக நான் உட்கார்ந்து குழிவிழுந்த சீட் அது. மூலையில் எப்போதும் மாவு ஒட்டியிருக்கும். துடைத்துவைக்க மறந்துவிட்டேன். அவருடைய கறுப்புப் பேன்ட் முழுக்க வெள்ளையாகப் போவதைப் பார்த்தும் வாயைத் திறக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவர், என் வீட்டுக்காரர், கேட் பக்கத்தில் நின்று கையை உயர்த்திக் காட்டினார். நான் தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தேன்.

பின்னால் எடுத்து நிறுத்துவது, மேட்டில் நின்று கிளம்புவது ரெண்டும் தப்பில்லாமல் முடிந்தன. வைப்பரைக்கூடச் சரியாகப் போட்டேன். வெளி ரோட்டுக்கு வந்ததும்தான் வினை வந்தது. என்னையறியாமல் வாய் ஓட ஆரம்பித்துவிட்டது.

"இடது பக்கம் தள்ளுவண்டி நிக்குது. ஒருத்தர் இறங்கப் போறாரு. இல்ல, நிக்கிறாரு."

இன்ஸ்பெக்டரம்மா என் பக்கம் திரும்பினார்.

"எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும். நீங்க சொல்ல வேண்டாம்."

சாதாரணமாகத்தான் சொன்னார். நான்தான், எல்லாம் தெரிந்துவிட்டது, யாருக்குக் கண் தெரியாமல் இப்படிச் சொல்லிப் பழகினாய் என்று அடுத்து கேட்கப் போகிறார், கேட் பக்கத்தில் நிற்கிறாரே அவரா என்று கேட்கப் போகிறார் என்று நினைத்தேன். ஸ்டியரிங் கைக்குள் வழுக்கியது. வாயை இறுக மூடிக்கொண்டேன்.

வாயை மூடியதும் கண்ணும் மூடிக்கொண்டது போல ஆகிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், பார்க்கிறேன், ஆனால் ஒன்றும் மனசில் ஏறவில்லை. ஒரு ஸ்கூட்டர் எங்களைத் தாண்டிப் போன பிறகுதான் அது வந்ததே எனக்குத் தெரிந்தது. இன்ஸ்பெக்டரம்மா தாளில் ஏதோ எழுதினார். முன்னால் மெயின் ரோட்டு முக்கு தெரிந்தது. போன தடவை என்னைக் கவிழ்த்த அதே முக்கு. போச்சு, நாளைக்கும் அவர்தான் ஓட்டப் போகிறார் என்று தோன்றியது. தோன்றியதும் எனக்கு அந்த அம்மாவின் மேல் இருந்த பயம் போய்விட்டது. அதைவிடப் பெரிய பயம் ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டால் சின்ன பயம் இடம் கொடுத்துவிடும் போலிருக்கிறது. வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினேன்.

"ஏன் நிறுத்தினீங்க?" என்று கேட்டார்.

"மேடம், நான் சொல்லிக்கிட்டே ஓட்டலாமா? உங்களுக்காக இல்ல. வாயால சொன்னாத்தான் எனக்குப் பார்த்தது மனசுல நிக்குது."

அவர் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டார். அவ்வளவு நேரமும் இன்டிகேட்டர் டிக் டிக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

"சொல்லுங்க. ஆனா ரெண்டு பக்கமும் சொல்லுங்க."

அப்படியானால் போன தடவையை அவர் மறக்கவில்லை.

முக்கில் நிறுத்தினேன். கழுத்தை வலது பக்கம் திருப்பினேன். ஸ்டூலில் உட்கார்ந்து தட்டைப் பிடித்துக்கொண்டு திருப்பிய அதே கழுத்துதான், ஆனால் இங்கே சுவருக்குப் பதில் முழு ரோடும் இருந்தது. எவ்வளவு பெரிய பக்கம் அது. இத்தனை நாள் நான் ரோட்டில் பாதிதான் பார்த்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது.

"வலது பக்கம் பஸ் வருது. பஸ்ஸுக்குப் பின்னாடி ஒரு பைக். ரெண்டும் போகட்டும். இடது பக்கம் காலி. வலது பக்கம், இப்ப காலி. போறேன்" என்றேன். போனேன். யாரும் திட்டவில்லை.

அதற்கப்புறம் திரும்பி வரும் வரை வாய் ஓயவில்லை.  பள்ளத்தைச் சொன்னேன், கதவு திறக்கிற காரைச் சொன்னேன், எதிரே வந்த தண்ணீர் வண்டியைச் சொன்னேன். உள்ளே வந்து நிறுத்தியதும் இன்ஜினை அணைப்பதையும் சொல்லிவிட்டேன். இன்ஸ்பெக்டரம்மா சிரித்தாரா என்று தெரியாது, உதடு கொஞ்சம் கோணியது. பாஸ் என்றார். கடைசி வரை யாருக்காகச் சொல்லிப் பழகினீர்கள் என்று கேட்கவே இல்லை. இறங்கிப் பேன்ட்டைத் தட்டினார். மாவு இன்னும் நன்றாகப் பரவியது. மன்னிச்சுக்குங்க மேடம் என்றேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது, மாவுக்காக அழுகிறேன் என்று அந்த அம்மா நினைத்திருப்பார்.

அவர் கேட் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். சொல்வதற்கு முன்னாலேயே தெரிந்துகொண்டார். அவருக்கு உண்மையாகவே சந்தோஷம். அங்கே நின்றிருந்த முன்பின் தெரியாத ஆளிடம் எல்லாம், என் சம்சாரம் பாஸ் பண்ணிட்டா, நான்தான் கத்துக்கொடுத்தேன் என்றார். பிறகு, என்னிடமிருந்த சாவியை ஒரு நிமிஷம் கேட்டு வாங்கி, எல்லோரும் பார்க்க அதை மறுபடி என் உள்ளங்கையில் வைத்து, என் விரல்களை மடக்கிவிட்டார்.

"சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டேன் பாரு. இந்தா, இனி நீதான் டிரைவர்."

அந்தச் சாவியைப் பிடித்தபோது ஒரு வருஷத்து மூச்சை ஒட்டுமொத்தமாக வெளியே விட்டேன். கையில் கொடுத்த சான்றை வைத்துக்கொண்டு அன்றைக்கே ஓட்டலாம் என்று சொல்லிவிட்டார்கள். எல் போர்டைக் கழற்றிப் பின்னால் ட்ரேக்களோடு போட்டேன். அவர் என் பழைய சீட்டில் ஏறி உட்கார்ந்தார். குழி அவருக்குப் பொருந்தவில்லை, நகர்ந்து நகர்ந்து உட்கார்ந்தார்.

வீட்டுக்குப் போகிற வழியில், பேக்கரிச் சந்திலிருந்து மெயின் ரோட்டில் ஏற வேண்டும். காலையில் அவர் ஓட்டிக்கொண்டு வந்து திரும்பிய அதே இடம். ஓரத்தில் குழாய் பதிப்பதற்கு மெஷின் வைத்து ரோட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். காது அடைக்கிற சத்தம். நான் முக்கில் நிறுத்தினேன். பழக்கதோஷத்தில் அவர் தலையைக் கொஞ்சம் திருப்பி, என்னைத் தாண்டிப் பார்த்தார். எப்போதும் சொல்கிற அதே அழுத்தமான குரலில் சொன்னார்.

"வலது பக்கம் காலி. போ."

நேற்றாக இருந்தால் போயிருப்பேன். இன்றைக்கு ஒரு மணி நேரமாகப் பழகிய கழுத்து, அவர் சொல்லச் சொல்லத் தானாகத் திரும்பியது. வலது பக்கத்தில் மணல் லாரி வந்துகொண்டிருந்தது. தூரத்தில் இல்லை. அதன் டிரைவர் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தது தெரிகிற அளவுக்குக் கிட்டத்தில். என் கால் பிரேக்கை விட்டு எழவில்லை.

லாரி எங்கள் முகத்துக்கு நேரே வந்தபோதுதான் அவர் உடம்பு தூக்கிப் போட்டது. ரெண்டு கையாலும் டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார். லாரி கடந்து போனது. வேன் ஒரு ஆட்டம் ஆடி, பின்னால் காலி ட்ரேக்கள் தடதடவென்று ஒன்றன் மேல் ஒன்று மோதின.

"எங்கேருந்து வந்தான் அவன்?" என்றார்.

"வலது பக்கத்துலேருந்து."

அவர் மறுபடி அந்தப் பக்கம் தலையைத் திருப்பினார். இந்தத் தடவை முழுசாக, கழுத்து நரம்பு தெரியத் திருப்பினார். பிறகு கையை டாஷ்போர்டிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எனக்கு டம்ளர் ஞாபகம் வந்தது. வலது கைப் பக்கத்தில் வைத்த டம்ளர். நான் நகர்த்தி வைத்து நகர்த்தி வைத்துச் சண்டையை மிச்சம் பிடித்த டம்ளர்.

"எவ்வளவு நாளா இப்படி?" என்று கேட்டேன்.

"தெரியல. கொஞ்சம் கொஞ்சமா போயிருக்கும் போல. ஒரு வட்டத்துக்குள்ள பளிச்சுனு தெரியும். மிச்சத்தைச் சத்தத்தை வெச்சுச் சமாளிச்சேன். நீ பார்த்துக்கிட்டிருக்கேன்னு ஒரு தைரியம்."

"நான் இடது பக்கம்தானே பார்த்தேன்."

"தெரியும்" என்றார்.

 இன்று காலையில் இதே முக்கில் அவர் திரும்பும்போது நான் இடது பக்கத்தைக் கண்ணும் கருத்துமாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். வலது பக்கத்தை யாருமே பார்க்கவில்லை. எத்தனை காலையாக யாருமே பார்க்கவில்லை என்று யோசித்தபோது, பள்ளிக்கூட வாசல், அதில் ஓடி வருகிற பிள்ளைகள், அவர்களில் ரெட்டைச் சடை போட்ட ஒரு குட்டி எப்போதும் வலது பக்கத்திலிருந்து வரும், எல்லாம் ஒன்றாகக் கண்ணில் வந்து நின்றது. அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது. கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. ரெண்டையும் செய்யவில்லை, பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டிருந்தேன்.

பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். நான் நகரவில்லை. அடிக்கட்டும்.

அவர் சட்டையின் உள்பையில் கையை விட்டு எதையோ எடுத்தார். என் பக்கம் பார்க்காமல் நீட்டினார். வாங்கிப் பார்த்தால் இன்னொரு சாவி. தொலைந்துபோனதாகச் சொன்ன மாற்றுச் சாவி. நெஞ்சோடு வைத்திருந்ததால் சூடாக இருந்தது. கேட் பக்கத்தில் எல்லோரும் பார்க்க என் விரலை மடக்கிவிட்டபோதும் இது அவர் பையில்தான் இருந்திருக்கிறது.

"எதுக்கு வெச்சிருந்தீங்க?"

"ஒரு நாள் உனக்கு முடியாம போச்சுன்னா, நான் மட்டும் போய்ட்டு வரலாம்னு" என்றார். பிறகு, "நீயே வெச்சுக்க" என்றார். அதைச் சொல்லும்போது அவர் குரலில் அந்த அழுத்தம் இல்லை.

வண்டியில் மாட்டியிருந்த சாவியின் வளையத்தில் அதையும் கோத்தேன்.  ஹாரன்காரன் பொறுமை இழந்து எங்களைச் சுற்றிக்கொண்டு போனான். வலது பக்கம் பார்த்தேன். இடது பக்கம் பார்த்தேன். மறுபடி வலது பக்கம் பார்த்தேன். வாயைத் திறக்காமலே பார்த்தேன், இப்போது எல்லாம் மனசில் ஏறியது.

"சொல்லு" என்றார் அவர்.

"எனக்கு இப்ப சொல்லாமலே தெரியுதுங்க."

"உனக்கு இல்ல. எனக்குச் சொல்லு."

நான் கிளட்சை மெதுவாக விட்டேன்.

"வலது பக்கம் காலி" என்றேன். "இடது பக்கம் ஒரு அம்மா குடை பிடிச்சுக்கிட்டுப் போறாங்க. பச்சைக் குடை. ஓரத்துல மஞ்சள் பூ போட்டிருக்கு."

இதுவரை நான் அவருக்குக் குடையின் நிறத்தைச் சொன்னதே இல்லை. அதற்கெல்லாம் நேரம் இருந்ததில்லை. அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார், நான் வண்டியை ரோட்டில் ஏற்றினேன்.